புல்லு மெஷின் சூடானதும் நின்னுடுது, டூ-டி எண்ணெய் எவ்ளோ கலக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

சுங்கை_ஆரா_பையன்

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு சுங்கை ஆரால இருந்து எழுதுறேன். எங்க மாமா ஒரு புல்லு வெட்டுற மெஷின் வச்சிருந்தாரு, தோள்ல மாட்டுற டைப், டூ ஸ்ட்ரோக், 43 சிசின்னு கவர்ல லேசா தெரியுது, மத்தபடி ஸ்டிக்கர் எல்லாம் உரிஞ்சு போய் என்ன பிராண்டுன்னே தெரியல. அவருக்கு முட்டி வலி, இனிமே என்னால தூக்க முடியாது நீ எடுத்துக்கடான்னு குடுத்துட்டாரு. வீட்டுக்குப் பின்னால லோங்காங் (சாக்கடை) ஓரமா லாலான் புல்லு இடுப்பு உயரத்துக்கு வந்துடுச்சு, பக்கத்து லோரோங்ல (சந்துல) டிங்கி காய்ச்சல் வேற, அதனால ஆள் கூப்பிட்டு காசு குடுக்குறத விட நானே வெட்டிடலாம்னு இறங்கிட்டேன்.

பிரச்சனை என்னன்னா, காலைல சோக் போட்டு இழுத்தா உடனே ஸ்டார்ட் ஆகுது, ஒரு பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சத்தம் இறங்கி, பெட்ரோல் தீர்ந்து போன மாதிரியே நின்னுடுது. தொட்டில பாத்தா பாதிக்கு மேல இருக்கு. அப்ப எவ்ளோ இழுத்தாலும் வராது, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து இழுத்தா திரும்ப ஓடும். புகையும் ஜாஸ்தி, எக்சோஸ்ல இருந்து கறுப்பா பிசுபிசுன்னு ஒழுகி என் சிலுவார்ல எல்லாம் கறை.

ஒரு கடையில காட்டுனேன், திறந்து கூட பாக்கல, கார்ப்ரேட்டர் போச்சு புதுசு மாத்தணும்னு சொல்லிட்டாங்க. மாத்துறதுக்கு முன்னாடி இங்க கேட்டுக்கலாம்னு.

இன்னொன்னு கலவை. மாமா ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு குட்டி பிளாஸ்டிக் கப்ல டூ-டி (டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான ஆயில்) ஊத்துவாரு, அதுல அளவு எதுவும் போடல. ஹார்ட்வேர் கடைக்காரர் 25க்கு 1ங்குறாரு, வேலையிடத்துல கூட்டாளி 50க்கு 1ங்குறான், எதிர்வீட்டு அங்கிள் 40ங்குறாரு. எது சரி? பெட்ரோல் ரோன்95 போதுமா 97 போடணுமா? அப்புறம் சூடா இருக்கும்போது திரும்ப ஸ்டார்ட் ஆகாதுங்குறதால மாமா இஞ்சின் ஓட ஓடவே எண்ணெய் ஊத்துவாரு, அப்படி செய்யலாமா?

---

பிஎம்_வெர்க்‌ஷாப்

தம்பி, கார்ப்ரேட்டர் வாங்கிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் புக்கிட் மெர்தாஜாம்ல சின்ன இஞ்சின் ரிப்பேர் பாக்குறேன், நீங்க சொல்ற கம்ப்ளைன்ட் எங்க கிட்ட வாரா வாரம் வரும், அதுல கார்ப்ரேட்டர் குத்தம் கம்மிதான்.

மொதல்ல தொட்டி மூடி. அடுத்த தடவை மெஷின் நின்ன உடனே, வேற எதையும் தொடாம, பக்கத்துல நெருப்பு கிருப்பு எதுவும் இல்லாம, ஒரு துணியை மேல போட்டுக்கிட்டு மூடியை மெதுவா லூஸ் பண்ணுங்க. அப்ப உஸ்ஸ்னு காத்து உள்ள இழுக்குற சத்தம் கேட்டுச்சுன்னா அங்கதான் கோளாறு. இஞ்சின் எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச தொட்டிக்குள்ள அந்த இடத்தை காத்து வந்து நிரப்பணும், அதுக்கு மூடில ஒரு குட்டி ஓட்டை இருக்கும், சிலதுல தனியா ஒரு சின்ன டியூப் இருக்கும். அதுல மண்ணும் புல்லுத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி அடைச்சா உள்ள வெற்றிடம் ஆகி எண்ணெய் வராது, மெஷின் பட்டினியில நிக்கும், கொஞ்ச நேரம் விட்டா காத்து கசிஞ்சு உள்ள போய் திரும்ப ஓடும். தேத்தண்ணி குடிக்குற நேரம்னு சொன்னீங்களே அதுதான் கணக்கு. மூடியைக் கழட்டி பெட்ரோல்ல கழுவி காத்தடிச்சா சரியாயிடும். ஊசி விட்டு குத்தாதீங்க, உள்ள ரப்பர் வால்வு இருந்தா கிழிஞ்சு போயி அப்புறம் குனியும்போதெல்லாம் எண்ணெய் ஒழுகும்.

சத்தம் கேக்கலன்னா அடுத்தது எக்சோஸ். நீங்க சொல்ற கறுப்பு ஒழுகல் எனக்கு இதைத்தான் சந்தேகப்பட வைக்குது, ரெண்டும் சேர்ந்தே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். எக்சோஸ் வாய்ல ஒரு கம்பி வலை இருக்கும், தீப்பொறி வெளிய பறக்காம இருக்க. டூ-டி கூடக் கூட எரியாத எண்ணெய் அந்த வலையில கரியா ஒட்டும், வலை அடைச்சா புகை வெளிய போக வழியில்ல, பழைய புகை உள்ளயே நின்னா புது கலவை உள்ள வர முடியாது, ஆக்சிலேட்டர் எவ்ளோ அமுக்குனாலும் மெஷின் மூச்சுத் திணறும். நல்லா ஆறுனப்புறம் கவரைக் கழட்டி, எக்சோஸ் ரெண்டு நட்டையும் அவுத்து, வலையை வெளிய எடுங்க. கேஸ் டார்ச்ல சிவக்க சுட்டு பிரஷ் போட்டா கரி உதிர்ந்துடும். இதை தொட்டி, எண்ணெய் கேன் எல்லாம் இருக்குற இடத்துல செய்யாதீங்க, வேற பக்கம் கொண்டு போயி செய்யுங்க.

எக்சோஸ் கழட்டுனதும் சிலிண்டர்ல ஒரு ஓட்டை தெரியும், அது வழியா டார்ச்லைட் அடிச்சு பிஸ்டனைப் பாருங்க. இதை நீங்க கண்டிப்பா பாக்கணும், ஏன்னா மெஷினோட ஆயுசு அங்கதான் எழுதியிருக்கு. பிஸ்டன் பக்கம் வழவழன்னு மெல்லிசான குறுக்குக் கோடு மட்டும் தெரிஞ்சா நல்ல நிலை. மேல இருந்து கீழ நெட்டுக்கு ஆழமா கீறல் இருந்தா ஆயில் பத்தாம காஞ்சு ஓடியிருக்குன்னு அர்த்தம், அப்ப காசு செலவு பண்றதுக்கு முன்னாடி யோசிக்கணும். அந்த ஓட்டையிலயும் கரி கட்டியிருக்கும், அதை சுரண்டுறப்ப கயிறை மெதுவா இழுத்து பிஸ்டன் வந்து ஓட்டையை அடைக்குற மாதிரி நிறுத்திக்குங்க, அப்பதான் கரி உள்ள விழாது. மரக்குச்சி, ஐஸ்கிரீம் குச்சி போதும், ஸ்குரூடிரைவர் வேணாம், பிஸ்டனைக் கீறிடும்.

இது ரெண்டும் சரியா இருந்தும் சூட்டுல நின்னா, நின்ன உடனே பிளக்கைக் கழட்டி பொறி வருதான்னு பாக்கணும். பொறி இல்ல, ஆறுனப்புறம் வருதுன்னா பொறி குடுக்குற காயில் போயிடுச்சு. ஆனா அது மூணாவதுதான், மொதல்லயே அங்க போகாதீங்க. கார்ப்ரேட்டர்ல இருக்குற ஸ்குரூவ தயவுசெஞ்சு திருகாதீங்க. ஹை ஸ்குரூவ உள்ள முறுக்குனா சத்தம் ஏறும், ஆகா நல்லாயிடுச்சுன்னு தோணும், ஆனா அது பெட்ரோலும் கம்மி அதோட வர்ற ஆயிலும் கம்மிங்குறதால ஏறுற சத்தம், கொஞ்ச நாள்ல பிஸ்டன் ஜாம் ஆகி வெர்க்‌ஷாப்புக்கு வரும்.

---

நிபோங்_திபால்_அண்ணன்

பிஎம் அண்ணன் மெஷின் பக்கம் சொல்லிட்டாரு, நான் கலவை பக்கம் வர்றேன். நான் புல்லு வெட்டுற காண்ட்ராக் எடுக்குறவன், கோயில், செம்பனைத் தோட்டம், தாமான் எல்லாம் வெட்டுறோம், தினமும் மெஷின் ஓடணும், ஓடலன்னா சாப்பாடு இல்ல, அதனால எண்ணெய் விஷயத்துல நான் ரொம்ப கறார்.

இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் புல்லு மெஷின்ல தனியா ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலும் காத்தும் பிஸ்டனுக்குக் கீழ இருக்குற ரூம் வழியாத்தான் மேல போகுது, அந்தப் போக்குல கூட வர்ற ஆயில்தான் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாத்துக்கும் உயிர். அதனால ஆயில் போடாம வெறும் பெட்ரோல் ஊத்துனா கொஞ்ச நேரத்துலயே பிஸ்டன் பிடிச்சுக்கும். கூடப் போட்டா பாதுகாப்புன்னு உங்க மாமா மாதிரி நிறைய பேர் நினைக்குறாங்க, அதுவும் சரியில்ல, புகை, கரி, பிளக் நனையுறது எல்லாம் அதனாலதான். இன்னொன்னும் இருக்கு, ஆயில் கூடக் கூட அதே ஒரு சொட்டுக் கலவையில பெட்ரோல் குறையுது, அப்ப இஞ்சின் காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மின்னு சூடாத்தான் ஓடும்.

கணக்கு இப்படி. ஒரு லிட்டருக்கு 25:1ன்னா 40 மில்லி, 40:1ன்னா 25 மில்லி, 50:1ன்னா 20 மில்லி. 5 லிட்டர் கேன்னா 200, 125, 100. உங்ககிட்ட மூணு பேர் மூணு நம்பர் சொன்னது மூணுமே எங்கயோ ஒரு மேனுவல்ல இருக்குற நம்பர்தான், ஆளுக்கு ஆள் வச்சிருக்குற மெஷின் வேற. ஸ்டீல் (Stihl) மாதிரி பெரிய பிராண்டுல அவங்க ஆயில் போட்டா 50:1ம்பாங்க, பேர் தெரியாத 43 சிசி சைனா செட்ல பெரும்பாலும் மூடி மேலயே 25:1னு போட்டிருக்கும். உங்க மெஷின் மூடியை நல்லா தொடச்சுப் பாருங்க, எழுத்து தெரியலாம். தெரியலன்னா 25:1ல நில்லுங்க. பழைய மெஷின், உள்ள எப்படி இருக்குன்னு தெரியாது, 50க்குப் போற தைரியம் வேணாம்.

ஆனா ஆயில் நல்லதா இருக்கணும். போத்தல் பின்னால ஜாசோ (ஜப்பான் தரக் குறியீடு) எஃப்சி இல்லன்னா எஃப்டின்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. எஃப்பியை விட எஃப்சில புகை கம்மி, எஃப்டி அதை விட சுத்தமா எரியும், உள்ள கரி கட்டாது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா ஒரு லிட்டருக்கு 40 மில்லிதானே ஊத்தப் போறீங்க. கலர் பாத்து வாங்காதீங்க, நீலம் பச்சை சிவப்பு எல்லாம் சாயம்தான், கலந்த எண்ணெயையும் வெறும் பெட்ரோலையும் கண்ணால பிரிச்சுப் பாக்க மட்டும் உதவும்.

பினாங்குல இருக்கோம்ங்குறதால இதையும் சொல்றேன். தெலுக் பஹாங், தெலுக் கும்பார் பக்கம் படகுக்காரங்க கிட்ட அவுட்போர்டு இஞ்சின் ஆயில் கிடைக்கும், டிசி-டபிள்யூ3ன்னு போட்டிருக்கும், அதுவும் டூ-டிதானேன்னு வாங்கி ஊத்துற ஆளுங்க இருக்காங்க. அது கடல் தண்ணியால குளிர்ச்சி ஆகுற இஞ்சினுக்கு செஞ்சது. நம்ம மெஷினுக்கு காத்து மட்டும்தான் குளிர்ச்சி, சூடு ரொம்ப ஏறும், அந்தச் சூட்டுக்கு அந்த ஆயில் நிக்காது.

கலக்குறப்ப மெஷின் தொட்டிலயே பெட்ரோல் ஊத்தி மேல ஆயில் ஊத்துறது கூடாது, ஆயில் கீழ போயி உக்காந்து மொத இழுப்புலயே பில்டர் வழியா கெட்டியா ஏறும். தனி கேன்ல பாதி பெட்ரோல், அப்புறம் ஆயில், மூடி நல்லா குலுக்கி, மீதி பெட்ரோல், திரும்பக் குலுக்கு. நின்ன கேனா இருந்தா ஒவ்வொரு தடவை தொட்டில ஊத்துறதுக்கு முன்னாடியும் குலுக்கணும். அளக்குறதுக்கு கிளினிக்ல மருந்துக்குக் குடுக்குற ஊசி இல்லாத சிரிஞ்ச் போதும். ஒரு மாசத்துக்கு மேல வச்ச கலவையை மெஷின்ல ஊத்தாதீங்க, நம்ம ஊர் சூட்டுக்கு பெட்ரோல் சீக்கிரம் வாசனை மாறிடும், புளிச்ச பெயின்ட் மாதிரி வாடை அடிச்சா அதைத் தொடவே வேணாம். அதனால வேணுங்குறது மட்டும் கலங்க, வீட்டு வேலைக்கு ஒரு லிட்டர் போதும்.

ரோன்95 தாராளமா போதும். இந்த மாதிரி இஞ்சினுக்கு மேனுவல்ல கேக்குறதே 90 கிட்டத்தான். 97 போட்டா பவர் கூடாது, காசுதான் கூடும். ஆனா 95 மானிய எண்ணெய், கட்டுப்பாட்டுப் பொருள், அதனால கேன் எடுத்துட்டுப் போறப்ப நேரா பம்ப்புக்குப் போயிடாம மொதல்ல கவுண்டர்ல இன்னதுக்கு வேணும்னு சொல்லி கேட்டுக்குங்க.

---

பிறை_சேஃப்டி_அக்கா

தம்பி, உங்க கடைசிக் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லல, எனக்கு அதுதான் முக்கியமாப் பட்டுச்சு. இஞ்சின் ஓட ஓட எண்ணெய் ஊத்தக் கூடாது. மாமா இத்தனை வருஷம் செஞ்சும் ஒன்னும் ஆகலங்குறதை வச்சு நீங்களும் செய்யாதீங்க. நான் பிறைல ஒரு ஃபேக்டரில சேஃப்டி பாக்குறேன், நெருப்புக் காயம் எப்படி இருக்கும்னு பாத்தவ.

பெட்ரோல் பத்திக்க சூடான நாள் எல்லாம் தேவையில்ல, மைனஸ் 40 டிகிரி கிட்டயே பத்துற அளவுக்கு ஆவி வர ஆரம்பிச்சுடும். அந்த ஆவி காத்தை விட கனம், மேல போகாம தரையோட ஊர்ந்து போகும், லோங்காங்ல இறங்கித் தேங்கும். உங்க மெஷின்ல தொட்டிக்கும் எக்சோஸுக்கும் எவ்ளோ தூரம்னு ஒரு தடவை விரலால அளந்து பாருங்க. ஊத்துறப்ப கை ஆடி ஒரு மடக்கு சிந்துனா நேரா அது மேலதான் விழும், மெஷின் வேற உங்க இடுப்புல மாட்டியிருக்கும், உடனே கழட்டி எறியவும் முடியாது.

அதனால நிறுத்துங்க, தோள்ல இருந்து இறக்குங்க, புல்லு மேல வைக்காம வெறும் தரையில வைங்க, காஞ்ச புல்லு எக்சோஸ் சூட்டுல கருகும். ஆறட்டும், நீங்களும் தண்ணி குடிங்க. மூடியைச் சுத்தி இருக்குற மண்ணு தூசி எல்லாம் துணியால தொடச்சுட்டு அப்புறம் திறங்க, இல்லன்னா அத்தனையும் தொட்டிக்குள்ளதான் போகும், வெர்க்‌ஷாப் அண்ணன் சொன்ன மூடி அடைப்பும் அப்படி வர்றதுதான். மூடியை ஒரேயடியா திருகித் திறக்காம மெதுவா, உள்ள அழுத்தம் இருந்தா முகத்துல பீச்சும். புனல் வச்சு ஊத்துங்க, கழுத்து வரைக்கும் நிரப்பாதீங்க, வெயில்ல பெட்ரோல் விரியும். சிந்துனதைத் தொடச்சு, அந்த இடத்துல இருந்து ஒரு 3 மீட்டராவது தள்ளிப் போயி அப்புறம் கயிறை இழுங்க. சிகரெட் பத்தி நான் சொல்லணுமா, தெரியும்ல.

ஸ்டேஷன்ல கேன்ல பிடிக்குறப்ப கேனை கார் பூட்டுக்குள்ள வச்சே ஊத்தக் கூடாது, தரையில இறக்கி வச்சு, பம்ப் மூக்கு கேன் வாயைத் தொட்டபடியே ஊத்தணும். பூட்டுல விரிச்ச கம்பளத்து மேல பிளாஸ்டிக் கேன் உக்காந்திருந்தா நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்ல, ஒரு சின்னப் பொறி போதும்.

இன்னொரு விஷயம். நீங்க எழுதல, ஆனா நிறைய வீட்ல பாக்குறேன், கலந்த எண்ணெயை மினரல் வாட்டர் போத்தல்ல ஊத்தி வைப்பாங்க. கலர் டூ-டி கலந்தா கலர் தண்ணி மாதிரியே இருக்கும், சின்னப் பிள்ளை இருக்குற வீடு, மத்தியானம் தாகத்துல வர்ற வேலையாள், யார் வேணாலும் எடுத்துக் குடிச்சுடலாம். பெட்ரோலுக்குன்னே விக்குற கேன் வாங்குங்க, மேல மார்க்கர்ல பெரிசா கலவை, கலந்த தேதி ரெண்டும் எழுதுங்க. சமையல்கட்டுக்குப் பக்கமும், சாமி விளக்கு எரியுற ரூம் பக்கமும் வைக்காதீங்க.

கண்ணாடியும் முழு சப்பாத்தும் இல்லாம லாலான்ல இறங்காதீங்க. லோங்காங் ஓரத்துல போத்தல் ஓடு, கல்லு எல்லாம் மறைஞ்சு கெடக்கும், மொதல்ல ஒரு தடவை நடந்து பொறுக்கிட்டு அப்புறம் வெட்டுங்க, பக்கத்துல ஆள் வந்தா மெஷினை நிறுத்துங்க.

---

செந்தூல்_வாசி

கேஎல்ல இருந்து ஒரு வார்த்தை. இங்க எழுதுனது எல்லாம் டூ ஸ்ட்ரோக்குக்கு, இதைப் படிச்சுட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வச்சிருக்குறவங்க கலவை ஊத்திடாதீங்க. நான் வச்சிருக்குறது ஹோண்டா ஜிஎக்ஸ்35 இஞ்சின் போட்டது, 35.8 சிசி, அதுக்கு வெறும் பெட்ரோல்தான், ஆயில் தனியா கீழ ஊத்தணும், 10டபிள்யூ-30, அதுவும் 100 மில்லிதான் பிடிக்கும். அவ்ளோ கம்மி ஆயில்ங்குறதால ஒவ்வொரு தடவை எடுக்குறப்பவும் மெஷினை மட்டமா வச்சு மூடியைத் திறந்து பாக்கணும், கார் மாதிரி மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கலாம்னு விட முடியாது. சத்தம் மெதுவா இருக்கும், ஞாயித்துக்கிழமை காலைல வெட்டுனா அக்கம்பக்கத்துல திட்டு கம்மி, புகை கிடையாது. என்னைக் கேட்டா வீட்டுக்கு மட்டும் வெட்டுறவங்களுக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் நிம்மதி.

ஸ்டீல்ல 4-மிக்ஸ்னு ஒன்னு இருக்கு, அது ஃபோர் ஸ்ட்ரோக்தான் ஆனா கலவைதான் ஊத்தணும், தனி ஆயில் தொட்டி கிடையாது. அதனால பேரை வச்சு முடிவு பண்ணாம மெஷின்ல ஆயில் மூடி தனியா இருக்கான்னு பாத்து முடிவு பண்ணுங்க.

---

நிபோங்_திபால்_அண்ணன்

செந்தூல் அண்ணன் சொல்றது வீட்டுக்கு சரி. ஆனா எங்கள மாதிரி சரிவுல, வாய்க்கால் கரையில மெஷினைத் தலைகீழா சாய்ச்சு வெட்டுறவங்களுக்கு டூ ஸ்ட்ரோக்தான் சௌகரியம், எந்தப் பக்கம் சாய்ச்சாலும் ஓடும், எடை கம்மி, அவசரத்துக்கு ரோட்டு ஓரத்துலயே கழட்டி மாட்டிடலாம். ரெண்டு வகையும் வச்சிருக்குற வீட்ல ரெண்டு கேனும் வேற வேற கலரா இருக்கணும், இது மட்டும் கட்டாயம்.

---

சுங்கை_ஆரா_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. அக்கா, மாமாகிட்ட நீங்க எழுதுனதை அப்படியே படிச்சுக் காட்டிட்டேன், அவர் ஒன்னும் பேசல, அப்புறம் வெளிய போயி ஒரு சிவப்பு கேன் வாங்கிட்டு வந்து குடுத்தாரு.

இன்னிக்கு லீவு, செஞ்சு பாத்தேன். நின்ன உடனே மூடியை லூஸ் பண்ணுனேன், லேசா உஸ்ஸ்னு கேட்டுச்சு. மூடியைக் கழுவுறப்ப உள்ள இருந்து பச்சையா களிமண்ணு மாதிரி வந்துச்சு. ஆனா அது மட்டும் இல்ல, அதுக்கப்புறம் நிக்காம ஓடுச்சே தவிர முழு ஆக்சிலேட்டர்ல சத்தம் ஏறவே இல்ல. எக்சோஸைக் கழட்டினேன். வலையில ஒரு ஓட்டை கூடத் தெரியல, தார் ரோடு போட்ட மாதிரி கறுப்பா மூடியிருந்துச்சு, நகத்தால கீறுனா மெழுகு மாதிரி சுருண்டு வருது. டார்ச் அடிச்சுப் பாத்தேன், பிஸ்டன்ல நெட்டுக் கீறல் இல்ல, குறுக்குக் கோடு மெல்லிசா தெரியுது, அண்ணன் சொன்ன நல்ல நிலைதான்னு நினைக்குறேன்.

மாமாவோட கப்பை சிரிஞ்ச்ல அளந்தேன், 70 மில்லி பிடிக்குது. அதாவது 14க்கு 1 கிட்ட. இத்தனை நாளா அதுலதான் ஓடியிருக்கு. மூடியைத் தொடச்சதுல 25:1னு எழுத்தும் தெரிஞ்சுது.

வலையை சுட்டு, எஃப்டி ஆயில் வாங்கி 40 மில்லி போட்டு ஓட்டுனேன், சத்தம் சும்மா அலறுது, புகை ஸ்டார்ட் பண்றப்ப மட்டும்தான். லாலான் பாதி இறக்கியாச்சு.

இப்ப ரெண்டு சின்ன சந்தேகம். ஆக்சிலேட்டரை விட்டாலும் புல்லு வெட்டுற தலை மெதுவா சுத்திக்கிட்டே இருக்கு, அது பரவாயில்லையா? தங்சி (வெட்டுற நைலான் கயிறு) அடிக்கடி அறுந்து போகுது, 2.4 மில்லிமீட்டர் போட்டிருக்கு, தடியா போடலாமா? தலையைக் கழட்டப் பாத்தேன், என்ன முறுக்கியும் வரல.

---

பிஎம்_வெர்க்‌ஷாப்

தம்பி ரொம்ப சந்தோஷம், பிஸ்டன் நல்லாயிருக்குன்னா அந்த மெஷின் இன்னும் பல வருஷம் ஓடும். ஆயில் கூடப் போட்டதுல மாமா பிஸ்டனை சாகடிக்கல, எக்சோஸைத்தான் அடைச்சிருக்காரு, அது கழுவுனா போற கோளாறு.

விட்டாலும் சுத்துறது பரவாயில்லன்னு விடாதீங்க, அது ஆபத்து. மொதல்ல ஐடில் ஸ்குரூ மட்டும், எல் (லோ), ஹெச் (ஹை) ஸ்குரூ எதையும் தொடாம, இடது பக்கமா கொஞ்சம் கொஞ்சமா திருப்பிப் பாருங்க, இஞ்சின் நிக்காம தலை மட்டும் நிக்குற இடம் கிடைக்கும். கிடைக்கலன்னா கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அது சின்ன சாமான், விலை ஒன்னும் பெரிசில்ல, மாத்திடலாம்.

தலை வராததுக்குக் காரணம் அது தலைகீழ் மரை. வலது பக்கமா, அதாவது சாதாரணமா இறுக்குற பக்கமா திருப்புனாத்தான் அவுரும். கியர் தலையில பக்கவாட்டுல ஒரு குட்டி ஓட்டை இருக்கும், அதுல கம்பியோ ஆணியோ விட்டு உள்ள சுத்தாம பிடிச்சுக்கிட்டுத் திருப்புங்க. கழட்டுற கையோட கியர் தலையில இருக்குற போல்ட்டை அவுத்து கிரீஸும் போட்டுடுங்க, லித்தியம் கிரீஸ், உள்ள பழசு காஞ்சு தூளாயிருக்கும். ஒரு 20, 25 மணி நேரம் ஓட்டுனா ஒரு தடவை போடணும். வெட்டி முடிச்சு கியர் தலையைத் தொட்டா கை வைக்க முடியாத சூடு இருந்தா உள்ள கிரீஸ் இல்லன்னு அர்த்தம்.

ஏர் பில்டரும் பாத்துக்குங்க, அந்த ஸ்பாஞ்சை சவுக்காரத் தண்ணில கசக்கி, நல்லா காய வச்சு, ரெண்டு சொட்டு ஆயில் விட்டுப் பிழிஞ்சு மாட்டுங்க. பிளக் இடைவெளி 0.6ல இருந்து 0.7 மில்லிமீட்டர். தொட்டிக்குள்ள டியூப் முனையில ஒரு குட்டி பில்டர் தொங்கும், கம்பியை வளைச்சு வெளிய இழுத்துப் பாருங்க, பழுப்பா கல்லு மாதிரி ஆயிருந்தா மாத்திடுங்க, அந்த டியூப்பும் வெறைச்சுப் போயி வெடிப்பு இருந்தா அதையும் சேர்த்து.

---

நிபோங்_திபால்_அண்ணன்

தங்சி 43 சிசிக்கு 3 மில்லிமீட்டர் வரைக்கும் தாங்கும், தலையோட ஓட்டை பெரிசா இருக்கான்னு மட்டும் பாருங்க. அதுக்கு மேல போகாதீங்க, இஞ்சின் திணறும், கிளட்ச் தேயும். அறுந்து போறதுக்கு முக்கியக் காரணம் தங்சி காஞ்சு போறது, கடையில வெயில் படுற மாதிரி தொங்க விட்டிருப்பாங்க. வெட்டுறதுக்கு மொத நாள் ராத்திரி ஒரு வாளித் தண்ணில ஊறப் போடுங்க, நைலான் தண்ணியை இழுத்துக்கும், வளைஞ்சு குடுக்கும், கல்லுல பட்டாலும் சட்டுன்னு ஒடியாது. சுவர் ஓரம், லோங்காங் சிமெண்டு ஓரம் வர்றப்ப நுனி மட்டும் படுற மாதிரி ஓட்டுங்க, அமுக்கி ஓட்டாதீங்க.

லாலானை அடியோட ஒரே வெட்டுல எடுக்கப் பாக்காம மேல பாதி, அப்புறம் கீழ பாதின்னு ரெண்டு தடவையா இறக்குங்க, நீளப் புல்லு தலையில சுத்திக்காது. அது வேர்ல இருந்து திரும்ப வரும், மழை மாசம்னா இன்னும் சீக்கிரம், அதனால மெஷினை ரொம்ப நாளைக்கு மூட்டை கட்ட வேண்டியிருக்காது. அப்படியே ஒரு மாசத்துக்கு மேல வெட்டலன்னா தொட்டில இருக்குறதை கேனுக்கு ஊத்திட்டு, ஸ்டார்ட் பண்ணி கார்ப்ரேட்டர்ல மிச்சம் இருக்குறது தீர்ந்து தானா நிக்குற வரைக்கும் ஓட விட்டுட்டு வைங்க, அப்பதான் உள்ள இருக்குற மெல்லிசு ரப்பர் தகடு பிசின் ஒட்டி வெறைச்சுப் போகாது. ஊத்தி வச்ச எண்ணெயும் மாசம் தாண்டுனா லோங்காங்ல கொட்டாதீங்க தம்பி, பக்கத்துல கறுப்பு எண்ணெய் (பழைய இஞ்சின் ஆயில்) சேக்குற கார் வெர்க்‌ஷாப் இருந்தா கேட்டுக் குடுத்துடுங்க.

---

சுங்கை_ஆரா_பையன்

வலது பக்கம் திருப்புனதும் வந்துடுச்சு அண்ணே! கியர் தலைக்குள்ள கிரீஸே இல்ல, பழுப்பா தூள்தான். நாளைக்கு ஹார்ட்வேர் கடை திறந்ததும் கிரீஸும் 3 மில்லி தங்சியும் வாங்கிடுறேன். ஐடில் ஸ்குரூ திருப்பிட்டேன், விட்டா தலை நிக்குது. கிளட்ச் ஸ்பிரிங் தேவைப்பட்டா மெஷினைத் தூக்கிக்கிட்டு பாலம் தாண்டி உங்ககிட்டயே வர்றேன் பிஎம் அண்ணே, கடை எந்தப் பக்கம்னு தனி மெசேஜ்ல சொல்லுங்க.